பத்தமடைப் பட்டுப்பாய்: கொடுத்த காசுக்குத் தகுமா?

திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்குப் பாய் வாங்கப் போகிறவர்கள், படுக்கவா பரிசு கொடுக்கவா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். இரண்டுக்கும் ஒரே பாய் சரிவராது. தினமும் விரித்துப் படுக்க நூல் பாவு, அதாவது நீளவாக்கில் நூல் இழை, போட்ட நடுத்தரப் பாயே போதும். நான் வாங்கியது பட்டுப்பாய். அக்காள் பேத்தி கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் போட்டு, 120 பாவில் சொல்லி நெய்தது. ஐயாயிரத்துக்கு மேல் ஆனது. வீட்டில் கேட்டவர்கள் எல்லாரும், "ஒரு பாய்க்கா?" என்றார்கள்.

ஆமாம், ஒரு பாய்க்குத்தான். கையில் வாங்கிப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். சுருட்ட வேண்டியதில்லை, வேட்டி மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். மடித்த இடத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு நார்கூட முறியவில்லை. பெயர் எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்ல, நெசவோடு வந்தவை. 'ண'வின் சுழி கொஞ்சம் படிக்கட்டாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் கடையோடு திரும்பாமல், நெய்கிற வீட்டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டிப் போனார்கள். திண்ணையில் பச்சைக் கோரைக் கட்டு கிடந்தது, தாமிரபரணிக் கரைச் சரக்கு. ஒரு தண்டை வாங்கி விரலில் உருட்டினேன், உருளவில்லை. கோரைத் தண்டு முக்கோணம். புல் என்று சொல்கிறோமே தவிர, அது புல் குடும்பமே இல்லை. குறுக்கே நறுக்கினால் உள்ளே வெள்ளைச் சோறு, அதாவது மெத்தென்ற நடுப்பகுதி, அது முழுக்கக் காற்றறைகள். சேற்றில் நிற்கிற செடியின் வேர் மூச்சுவிட ஆண்டவர் செய்துவைத்த ஏற்பாடு. வகுப்பில் வருஷாவருஷம் கரும்பலகையில் வரைந்த படம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நயமான பாய்க்கு அந்தச் சோற்றைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். மேல்தோல் மட்டும்தான் வேண்டும். கிழித்துக் காயவைத்த கோரையை ஆற்றில், ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். அது உப்பிப் பருத்து வரும். மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். நெய்துகொண்டிருந்த அக்கா கிழிப்பதைக் காட்டினார். கத்தி நுனி உள்ளே போனது தெரிந்தது, அப்புறம் கண் அவர் கையில் இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இழுக்கிறார். நார் அடி முதல் நுனி வரை ஒரே அகலம். நானும் ஒன்றை இழுத்துப் பார்த்தேன், பாதியிலேயே கோணலாக ஓடிப்போயிற்று.

"எப்படிக்கா இது?" என்றேன்.

"கோரையிலேயே வழி இருக்கு டீச்சர். அல்லா போட்டுவச்ச வழி. நாம அதுமேல போறோம், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லலாம். தண்டில் நார் நீளவாக்கில் ஓடுவது படைத்தவன் வேலை, சரி. அதைத் தலைமுடி போலப் பிரித்து, பட்டு இழைக்குள் குச்சியால் ஒவ்வொன்றாகச் செலுத்துவது அந்த விரல்களின் வேலை. அதில் பாதிப் புகழையாவது அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கூலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து நெய்வதைப் பார்த்தபிறகு விலையில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

குறைகள் உண்டு. ஓரத்தில் தைத்த துணி மட்டமானது. இவ்வளவு வேலை செய்துவிட்டு ஓரத்துக்குப் பளபளக்கிற நைலான் துணியை ஏன் வைக்கிறார்கள்? நான் பிரித்துவிட்டுப் பருத்தித் துணி தைத்தேன். சாயமும் அப்படித்தான். முன்பெல்லாம் மரக்கட்டையிலிருந்து எடுத்த சிவப்பு, இப்போது பெரும்பாலும் கடைச்சாயம், அடிக்கிற ரோஸ் நிறம். சாயமே போடாத கோரையின் வெளிர் நிறத்தில் கேட்டால் நெய்து தருகிறார்கள், அழகு அதில்தான். சொன்ன தேதிக்கும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கிற புவிசார் குறியீடு 2013-லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் பத்தமடைப் பாய் என்ற பெயரில் வெளியூர்க் கடைகளில் தொங்குகிறவற்றை நம்பாதீர்கள். மடித்துப் பாருங்கள், கடைக்காரர் பதறினால் வைத்துவிட்டு வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் ஊர் வந்துவிடும். ரொக்கம் கொண்டு போங்கள். பெயர் போடுவதாக இருந்தால் நீங்களே பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இனிஷியல் உட்பட. போனில் சொன்னால் ரகரம் றகரம் ஆகிவிடும், நெய்தபிறகு அழிக்க முடியாது.