மஞ்சள் பையா, 25 சென்ட்டா?

ஜெர்மனியில் பொருள்கள் அடைத்து வந்த காலி பிளாஸ்டிக், உலோக உறைகள் வீட்டை விட்டுப் போக இரண்டு முக்கிய வழிகள் உண்டு. பொருளை உறையிட்டு விற்பவரே அந்த உறையைத் திரும்பப் பெறும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1991-இல் வந்த ஆணை சொன்னது. அதையொட்டி வந்ததுதான் மஞ்சள் பை. தயிர் டப்பா, தகர டின், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அதில் போட்டு வாசலில் வைத்தால் போதும். வண்டி வந்து எடுத்துப் போகும்.

இன்னொரு வழி டெபாசிட். 2003 ஜனவரி 1 முதல் நடக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில் அல்லது கேன் வாங்கும்போது 25 சென்ட் (கால் யூரோ) கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலியானதைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், கவுன்டரில் காட்டினால் காசு. 100 பாட்டிலில் கிட்டத்தட்ட 98 திரும்பி வருகின்றன!

மஞ்சள் பையில் எல்லாம் கலந்து கிடப்பதால் பிரிப்பது பெரும்பாடு. பல அடுக்கு உறைகளில் கணிசமானவை கடைசியில் எரிக்கப்படுகின்றன. டெபாசிட் பாட்டிலோ சுத்தமாக, ஒரே வகையாக வருகிறது. மறுபடி பாட்டிலாகவே மாற முடிகிறது.

சரி, தயிர் டப்பாவுக்கும் டெபாசிட் வைக்கலாமா? அழுக்கு டப்பாக்களைக் கடைக்குச் சுமப்பது நடக்காத காரியம். அதற்கு மஞ்சள் பைதான். பானங்களுக்கு என் ஓட்டு டெபாசிட்டுக்கே. 2024 முதல் பிளாஸ்டிக் பால் பாட்டிலையும் அதில் சேர்த்தது எனக்கு நிஜமான மகிழ்ச்சி.