டிக்கி காட்டி ஏமாற்றினார்கள்: 150,000 ரூபா போச்சு

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை இன்னும் நடுங்குகிறது. நான் கட்டின முற்பணம் 150,000 ரூபாவும் திரும்பி வராது என்று நேற்றுப் பின்னேரம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீலாக இருக்கிற மச்சான் சொல்லியிருக்கிறான். கொழும்பில், ஜப்பான் பழைய கார் விற்கிற ஒரு கார் சேல். அவ்வளவுதான் சொல்லலாம். கார் பார்க்கப் போகிறவர்களுக்குக் கடைசியில் ஐந்து விஷயம் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். போன வருஷத்திலிருந்து அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போகவேணும். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டா போவது? அதனால் எனக்கு எஞ்சின், நிறம் எதுவும் முக்கியமில்லை, டிக்கிதான்.

ஒரு மாதமாக இரவிரவாக டிக்கிக் கணக்குத்தான் பார்த்தேன். டிக்கி எவ்வளவு கொள்ளும் என்று அளக்க 20×10×5 சென்ரிமீற்றர் கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணுகிறார்கள், ஒரு கட்டை ஒரு லீற்றர். ஒரு கணக்கு பின் சீற்றின் உயரம் வரைக்கும், இன்னொன்று கூரை வரைக்கும், வேறொன்று சீற்றை மடக்கிவிட்டு. எது எந்தக் கணக்கு என்று தெரியாமல் இரண்டு காரை ஒப்பிட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் என்றால் பற்றரி எங்கே இருக்கிறது என்று வேறு பார்க்கவேணும். ரொயோற்றாவின் ஹைபிரிட் காரான ப்ரியஸில், பழையது என்றால் அது பின் சீற்றுக்குப் பின்னால், டிக்கித் தரைக்குக் கீழே. 2015இல் வந்த ப்ரியஸில் சீற்றுக்கு அடியில் போய்விட்டது. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் ஏமாந்தேன்!

நாற்காலியை ஓட்டோவில் போட்டுக்கொண்டே போனேன். தமிழ் பேசுகிற பெடியன் ஒருவன் ஓடிவந்தான். "அம்மாவுக்கா அண்ணை? என்ர அம்மாவும் இப்பிடித்தான்" என்றான். நான் கேட்காமலே நாற்காலியை மடித்துத் தூக்கி டிக்கியில் வைத்தான். பக்கத்தில் ஒரு சூட்கேசும் வைத்துக் காட்டிக் கதவைச் சாத்தினான். டொக் என்று மூடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் 150,000 ரூபா கொடுத்தேன் என்று இப்போது விளங்குகிறது. பிளேன்டீயும் வந்தது, இஞ்சி போட்டு.

"இது வேற ஆளுக்குப் பேசி முடிஞ்சுது அண்ணை. இதே மாடல், இதே வருஷம், மற்ற யார்டில ஒண்டு நிக்குது. டிக்கி அச்சொட்டா இதுதான்." நம்பினேன். ரசீதில் மாடலும் வருஷமும் மட்டும் இருந்தன, நானும் வேறொன்றும் கேட்கவில்லை.

கார் எடுக்கப் போன அன்று அம்மாவும் வந்தா. நிறுத்தி வைத்திருந்தது ஹைபிரிட். காட்டினது வெறும் பெற்றோல் கார். டிக்கித் தரை நாலு விரல் உயர்ந்து நின்றது, கீழே பற்றரி. நாற்காலியைப் படுக்க வைத்தோம், சரித்து வைத்தோம், சில்லைக் கழற்றியும் பார்த்தோம். கதவு பொருந்தவே இல்லை. அம்மா ஓட்டோவுக்குள் இருந்து "விடு தம்பி, நான் பஸ்ஸில வாறன்" என்றா. அந்தப் பெடியன் கூசாமல் சொல்கிறான்: "ஹைபிரிட் உங்களுக்கு லாபம்தானே அண்ணை, பெற்றோல் மிச்சம்."

காசைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி கண்டிக்குப் போய்விட்டார். பிறகு போயா. பிறகு "கணக்குப் பார்க்கிற மிஸ் லீவு". வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நேற்று நேரே போய் நின்றபோது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு மாதிரி எழுத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்: முற்பணம் திருப்பித் தரப்படாது. 150,000 ரூபா! இரண்டு பிள்ளைகளின் ரியூஷன் காசும் அதற்குள்தான் இருந்தது.

ஐந்து விஷயம் சொல்கிறேன் என்றேன், இப்போதைக்கு வாயில் வருவது இவ்வளவுதான். எந்தக் காரைப் பார்த்தீர்களோ அதன் செசி நம்பர் ரசீதில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ரசீதைத் திருப்பிப் பாருங்கள். ஏற்றவேண்டிய சாமானை எடுக்கப்போகிற அதே காரில் ஏற்றிப் பாருங்கள், "இதே மாதிரி" காரில் அல்ல. அளவு நாடாவும் கொண்டுபோங்கள்.

நாளைக் காலையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்குக் கோல் அடிக்கப் போகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெடியனுக்கு இன்னொருமுறை அடித்தேன். எடுத்தான். "யாரு பேசுறது?" என்று சிங்களத்தில் கேட்டான்.