ஆர்.வி. பயணத்துக்கு மடிப்பு இ-பைக்: நான்கு வருடம், இரண்டு ஜோடி

ஆர்.வி., அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முகாமில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்து, கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் மாட்டி முடித்து நாற்காலியில் சாய்ந்திருப்போம். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னங்க, பால் தீந்துபோச்சு." மாட்டியதை எல்லாம் கழற்றி, 25 அடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கேலன் பாலுக்குப் போக யாருக்கு மனம் வரும்? பின்னால் சின்னக் கார் ஒன்றைக் கட்டி இழுத்து வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எங்களிடம் அந்த வசதி கிடையாது. அதனால்தான் 2021 வசந்தத்தில் இரண்டு மடிப்பு இ-பைக், அதாவது மடித்து வைக்கக்கூடிய மின்சார சைக்கிள் வாங்கினோம்.

இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில். நான் அறுபதை நெருங்குகிறேன், மனைவி மூன்று வயது இளையவள். வருடத்துக்கு மூன்று நான்கு பயணம் போவோம். இந்த நான்கு வருடத்தில் சைக்கிளில் மட்டும் ஏறக்குறைய 2,300 மைல் ஓட்டியிருக்கிறோம். நடுவில் சைக்கிளை மாற்றினோம். ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் வாங்கியது அப்போது எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த ரகம். 20 அங்குலச் சக்கரம், தடித்த டயர், பின்சக்கரத்தின் நடுவிலேயே ஹப் மோட்டார், 48 வோல்ட் பேட்டரி, மிதிக்காமலே ஓட்டக் கைப்பிடியில் த்ராட்டில், ஒன்றின் விலை ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில். காசுக்கு மோசமில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் எடை 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. அந்த எண்ணை நான் படிக்காமல் இல்லை. படித்தேன், உறைக்கவில்லை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கியவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். மூட்டையையாவது தோளில் சாய்த்துக்கொள்ளலாம். இது ஒரு பக்கம் பெடலும் மறுபக்கம் ஹேண்டில்பாரும் துருத்திக்கொண்டு, செயின் கிரீஸோடு முழங்காலில் இடிக்கும் மூட்டை.

மடித்தால் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். வண்டியின் பக்கவாட்டுச் சாமான் அறைக்குள் இரண்டும் அடங்கிவிடும் என்று வாங்குவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தேன். அறையைத்தான் அளந்தேன், அதன் கதவை அளக்கவில்லை. கதவோ ரொம்பச் சின்னது. சைக்கிள் வந்து இறங்கிய அன்று மாலை முழுக்க அதைச் சாய்த்தும் படுக்கவைத்தும் பார்த்துவிட்டுக் கடைசியில் வண்டிக்குப் பின்னால் சைக்கிள் ஏற்றும் ரேக் வாங்கி மாட்டினோம். ரேக்கில் ஏற்ற மடிக்கத் தேவையே இல்லை. மடிப்பு சைக்கிளுக்கென்று பணம் கொடுத்துவிட்டு, முதல் இரண்டு வருடம் அதை மடிக்காமலே ஓட்டிய கூட்டம் நாங்கள்.

ரேக் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காருக்குப் பின்னால் ஒரு சைக்கிளுக்கு 60 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும் ரேக், ஆர்.வி.க்குப் பின்னால் அதே 60-ஐத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். ஆர்.வி.யில் பின் அச்சைத் தாண்டி நீளமாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் அந்த வால் சாட்டை மாதிரி மேலும் கீழும் ஆடும். அதனால் ஆர்.வி.க்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்த ரேக்கைத்தான் வாங்க வேண்டும். இழுவை டிரெய்லர் வைத்திருப்பவர்கள், பின்னால் இருக்கும் சதுரக் குழாய் பம்பரை நம்பி இரண்டு இ-பைக்கைத் தொங்கவிடவே கூடாது. அது கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கிற இடம், அவ்வளவுதான் அதன் பலம்.

இப்போது அக்கேடியா கதை. 2021 இலையுதிர் காலத்தில் ஆயிரம் மைல் ஓட்டிக்கொண்டு மெய்ன் மாநிலத்துக்குப் போனோம். அங்கே அக்கேடியா தேசியப் பூங்காவில் 45 மைலுக்குக் குதிரை வண்டிச் சாலைகள் இருக்கின்றன. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், மோட்டார் வண்டிகள் தொந்தரவு இல்லாமல் குதிரையில் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டவை. பொடிக்கல் பரப்பு, கல் பாலங்கள், இரண்டு பக்கமும் சிவந்த மேப்பிள் மரங்கள். சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. போன பிறகுதான் பலகையைப் படித்தேன்: அங்கே கிளாஸ் 1 இ-பைக்குக்கு மட்டும்தான் அனுமதி.

அமெரிக்காவில் இ-பைக்குகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி, அதுவும் மணிக்கு 20 மைல் வரை என்றால் கிளாஸ் 1. மிதிக்காமலே த்ராட்டிலால் ஓடினால் கிளாஸ் 2. மிதித்து 28 மைல் வரை போனால் கிளாஸ் 3. தேசியப் பூங்காக்களில் எந்தப் பாதையில் எதை விடலாம் என்பதை 2020 விதிப்படி அந்தந்தப் பூங்கா நிர்வாகமே முடிவு செய்கிறது. எங்கள் இரண்டிலும் த்ராட்டில் இருந்தது. கையை அதில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாலும் அது கிளாஸ் 2 தான். சரி, என்ன செய்ய? இரண்டாயிரம் டாலர் இ-பைக்கை ரேக்கில் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து ஊரான பார் ஹார்பரில் சாதாரண சைக்கிள் இரண்டை வாடகைக்கு எடுத்து, மேட்டில் மூச்சு வாங்க மிதித்தோம்.

த்ராட்டிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு, சிக்னலில் நின்று கிளம்பத் தடுமாறுபவர்களுக்கு அது பெரிய உதவி. நீங்கள் தங்குவது பெரும்பாலும் தனியார் முகாம், ஓட்டுவது ஊர்ச் சாலை என்றால் தாராளமாக வாங்கலாம். பூங்காப் பாதைகளுக்காக ஆர்.வி. வைத்திருப்பவர் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பேட்டரி விஷயத்தில் எல்லாரும் கேட்பது எத்தனை மைல் போகும் என்பதுதான். எங்களுடையதற்கு 45 மைல் என்று போட்டிருந்தார்கள். மேடும் எதிர்காற்றும் என் எடையும் சேர்ந்து 25 மைலோடு முடிந்துவிடும். ஆனால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் ஒரே நாளில் 20 மைலுக்கு மேல் நாங்கள் ஓட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைவிட, சார்ஜ் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும்.

முகாமில் கரண்ட் இருந்தால் கேள்வியே இல்லை. 2022 குளிர்காலத்தில் அரிசோனாவில், கரண்டும் தண்ணீரும் இல்லாத அரசுப் புறம்போக்கு நிலத்தில் தங்கினோம். அப்போதுதான் கணக்கு புரிந்தது. 48 வோல்ட், 14 ஆம்ப்-அவர் என்றால் 672 வாட்-அவர். இன்வெர்ட்டரிலும் சார்ஜரிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தால் காலியான ஒரு சைக்கிளை நிரப்ப முக்கால் யூனிட்டுக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை யூனிட். எங்கள் வண்டியில் இருந்ததோ 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் ஈய பேட்டரிகள் இரண்டு. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், கையில் இருப்பது 1,200 வாட்-அவர்தான். இரண்டு சைக்கிளையும் இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினோம். விடியற்காலையில் ஹீட்டரின் காற்றாடி நின்று, குளிரில் விறைத்துப்போய் எழுந்தோம்.

அதன் பிறகு 200 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியும் கூரையில் 400 வாட் சோலாரும் போட்டோம். நல்ல வெயிலில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை வருகிறது. வீட்டு விதி ஒன்றும் வந்தது: சைக்கிளுக்கு சார்ஜ் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், ஒரு நாளைக்கு ஒன்று. இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரம்போலச் சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வகையாக இருக்கட்டும். மலிவானதில் போட்டபோது சார்ஜர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

இரவில் சார்ஜ் போடாததற்கு வேறு காரணமும் உண்டு. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆர்.வி. போன்ற பெட்டிக்குள் தப்பிக்க நேரம் கிடையாது. மின் அமைப்பு முழுவதற்கும் யு.எல். 2849 என்ற இ-பைக் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நியூயார்க் நகரில் அது இல்லாமல் விற்கவே கூடாது என்று 2023-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்காலத்தில் வண்டியை மூடி நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி, பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

அரிசோனா வேறொன்றும் கொடுத்தது. ஒரே வாரத்தில் நான்கு பங்க்சர். பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி முள்! அங்கே அதற்கு ஆட்டுத்தலை என்று பெயர், இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால். செடி நம்மூர் வரப்பில் செருப்பைத் துளைக்கும் அதே நெருஞ்சிதான். சின்ன வயதில் காலில் குத்தியது அறுபதில் டயரில் குத்துகிறது. ஹப் மோட்டார் சைக்கிளில் பின் டியூப் மாற்றுவது சும்மா வேலை இல்லை. மோட்டார் வயரைக் கழற்ற வேண்டும், கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை வெட்ட வேண்டும், பெரிய ஸ்பேனர் வேண்டும். முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது டயருக்குள் முள்ளைத் தடுக்கும் லைனர் பட்டையும் டியூப்பில் அடைப்புத் திரவமும் போடாமல் தென்மேற்குப் பக்கம் போவதில்லை.

மாற்றம் மனைவியிடம் தொடங்கியது. அந்தப் பழைய சைக்கிளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார். அரைச் சுற்று மிதிக்கும் வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு திடீரென்று தள்ளும். முகாமின் சரளைக் கல்லில் திரும்பும்போது அப்படித் தள்ளி ஒரு நாள் விழுந்தாள். முட்டியில் சிராய்ப்புதான், ஆனால் அதற்குப் பிறகு அவள் அதை நம்பவில்லை. 2023-ல் அவளுக்கு மட்டும் வேறு பார்த்தோம். காலின் அழுத்தத்துக்கு ஏற்ப உதவும் டார்க் சென்சார், பெடல் அருகே நடு மோட்டார், த்ராட்டில் கிடையாது, ஹைட்ராலிக் பிரேக், எடை சுமார் 22 கிலோ. டெர்ன் நிறுவனத்தின் வெக்ட்ரான் இந்த ரகம். பிராம்ப்டனின் மின் சைக்கிள் இதைவிடவும் லேசு, சின்னதாகவும் மடியும், ஆனால் அதன் 16 அங்குலச் சக்கரம் சரளைப் பாதைக்குத் தோதுப்படாது என்று விட்டுவிட்டோம். விலை பழையதைப்போல மூன்று மடங்குக்கு மேல். நான் மாற்றவில்லை. ஓடுகிற சைக்கிளை எதற்கு விற்க வேண்டும் என்று வியாக்கியானம் பேசினேன்.

2024 மே மாதம் யூட்டா மாநிலத்தின் ஸயான் தேசியப் பூங்காவுக்குப் போனோம். பேருந்துகள் ஓடும் பருவத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் போகலாம், பின்னால் பேருந்து வந்தால் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். கார் இல்லாத சாலை, இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், ஓரத்தில் வர்ஜின் ஆறு. இ-பைக்கில் கிளாஸ் 1 மட்டும். "நீங்க பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். நான் பேருந்தில் நின்றுகொண்டு போகிறேன். நடுவழியில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஓரமாக நின்று வழிவிட்டது என் மனைவி. எனக்கு ஒரு டாட்டா வேறு. ஒஹாயோ திரும்பிய வாரமே என் சைக்கிளை 450 டாலருக்கு விற்றுவிட்டு, அவளுடையதைப் போலவே ஒன்று வாங்கினேன்.

புதிய ஜோடியில் 22 கிலோவும் லேசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆர்.வி.யின் இரண்டு படி ஏற்றி உள்ளே வைக்க முடிகிறது. 29-ல் இருவர் பிடித்தாலும் முடியவில்லை. கடையில் வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மடித்து, முழங்கால் உயரத்துக்கு மூன்று தடவை தூக்கிப் பாருங்கள். மூன்றாவது தடவையில் முகம் சுளித்தால் அந்த சைக்கிள் ரேக்கிலேயேதான் வாழப்போகிறது. ரேக்கில் வாழ்ந்தால் மழையும் டீசல் புகையும் சாலை உப்பும் அதற்குத்தான். எங்கள் பழைய ஜோடியின் கீலும் தாழ்ப்பாளும் இரண்டே வருடத்தில் துருவேறி, ஹேண்டில்பார் தண்டு லொடலொட என்று ஆட ஆரம்பித்தது. எந்த மடிப்பு சைக்கிளிலும் தினமும் ஏறும் முன் நடுச் சட்டத்திலும் ஹேண்டில்பார் தண்டிலும் இருக்கும் தாழ்ப்பாள்களைக் கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

புதியதிலும் குறை உண்டு. கேரியரில் அரிசிப் பை வைத்தால் பழையதுபோல அசையாமல் நிற்காது, ஸ்டாண்டு ஒல்லி. 400 வாட்-அவர் பேட்டரி சிறியது, மாற்றுப் பேட்டரி யானை விலை. பயணத்தில் இரண்டும் மேசைக்கும் கதவுக்கும் நடுவில் நிற்பதால், வழியில் நிறுத்திக் காபி போட வேண்டுமென்றால் அவற்றைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். செயின் கிரீஸ் தரை விரிப்பில் அப்பிக்கொண்டிருந்தது. மனைவி என் பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து, ஆளுக்கொரு உறை போட்டிருக்கிறாள். கரை மட்டும் வெளியே தெரியும்.