தி சிம்ப்சன்ஸ்: எட்டாவது சீசனா, இருபதாவது சீசனா?

1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் மைல்கல் எனத்தக்க சீசன்கள் பல இருப்பினும், எட்டாவதையும் இருபதாவதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையானது. இரண்டுமே பழைய தொடர் ஒன்றின் சாதனையை எட்டிப்பிடித்தவை.

1997 பிப்ரவரியில் வந்த 167ஆவது அத்தியாயத்தால் எட்டாவது சீசன், 166 அத்தியாயங்களோடு நின்ற 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற பழைய கார்ட்டூன் தொடரை முந்தியது. வேறொரு தொடராயிருந்தால் அன்று தன் புகழையே பாடியிருக்கும். இதுவோ, நெடுநாள் ஓடிச் சலிப்பூட்டும் கார்ட்டூன் ஒன்றைக் காப்பாற்ற 'பூச்சி' என்ற நாயைப் புகுத்தி மூக்குடைபடும் கதையைச் சொல்லி, தன் முதுமையைத் தானே எள்ளியது. (தமிழ்க் காதுக்கு அப்பெயர் கூடுதலாகச் சிரிப்பூட்டுவது தற்செயலே.) சிம்ப்சன் குடும்பத் தலைவன் ஹோமரின் சோம்பலைக் கண்டு வெதும்பி மடியும் சக பணியாளர் ஃபிராங்க் கிரைம்ஸின் கதையும் இதே சீசனில்தான் வருகிறது; நகைச்சுவையை இவ்வளவு கசப்போடு கலக்கும் துணிவு இருபதாவதில் எனக்குத் தென்படவில்லை.

2008 செப்டம்பரில் தொடங்கிய இருபதாவது சீசன், 1955 முதல் 1975 வரை ஓடிய 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் தொடரின் இருபது சீசன் கணக்கைச் சமன் செய்தது. 2009 பிப்ரவரியில் உயர்தெளிவு அகலத்திரைக்கு மாறி, தொடக்கக் காட்சியையும் புதிதாக வரைந்தது. படத்தின் துலக்கத்தை நாடுவோர் இதையே விரும்பக்கூடும். கதைக்காகப் பார்ப்பவருக்கு எட்டாவதையே பரிந்துரைப்பேன்.