மாஹேயா, பிராஸ்லினா, லா டீக்கா?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு நாடான சேஷல்ஸில் 115 தீவுகள் இருந்தாலும், தங்குவதற்குப் பெரும்பாலோர் யோசிப்பது மாஹே, பிராஸ்லின், லா டீக் என்ற மூன்றைத்தான். பலரும் மாஹேயை விமானம் இறங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாளே படகேறிவிடுகிறார்கள். அது வீண் அவசரம்.

பிரெஞ்சுக்காரர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், இந்தியர், சீனர் என எல்லோரும் கலந்து உருவானது அங்குள்ள கிரியோல் வாழ்க்கை. அதைப் பார்க்க மாஹேயில் இருக்கும் தலைநகர் விக்டோரியாதான் சரியான இடம். சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போங்கள். மீன் வெட்டும் மேடைகளைச் சுற்றி உண்ணிக்கொக்குகள் குடலுக்காகக் காத்து நிற்கும், யாரும் விரட்டுவதில்லை. பக்கத்திலேயே பட்டை, வனிலா, மிளகாய் ஊறிய பாட்டில்கள். தேங்காய்ப்பாலில் பட்டை இலை போட்டு வேகவைத்த ஆக்டோபஸ் கறியை ஒரு வாய் சாப்பிட்டால் பாதி நம்மூர் ருசி, பாதி வேறு ஏதோ. ஓட்டலைவிடப் பொட்டலம் கட்டித் தரும் சின்னக் கடைகளில் விலை மிகக் குறைவு. சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரம் தெரியும். தைப்பூசத்துக்கு இந்தத் தெருக்களில் காவடி போகும்.

பிராஸ்லினுக்கு மாஹேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமான வாலே டி மே காடுதான் அங்கே முக்கியம். உலகத்திலேயே பெரிய விதையான இரட்டைத் தேங்காய் அங்கு மரத்திலேயே தொங்குவதைப் பார்க்கலாம், ஒன்றே 25 கிலோ வரை வரும். வாங்கினால் அனுமதிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். காடு, அப்புறம் ஆன்ஸ் லாசியோ கடற்கரையில் ஒரு குளியல், இரண்டுக்கும் ஒரு பகல் போதும்.

லா டீக்கில் கார்கள் மிகக் குறைவு, சைக்கிள்தான் வண்டி. படங்களில் பார்க்கும் அந்தக் கருங்கல் பாறைக் கடற்கரை, ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான், இங்கேதான். அந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய தோட்டத்தின் வழியாகக் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் மணலே மிஞ்சாது, அதனால் நேரம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசும்போது கிராண்ட் ஆன்ஸ் பக்கம் நீரோட்டம் ஆபத்தானது. பார்க்கலாம், இறங்கக் கூடாது.

ஒரு வாரம் இருந்தால் மாஹேயில் மூன்று இரவு, லா டீக்கில் நான்கு என்பேன். பிராஸ்லினுக்கு லா டீக்கிலிருந்து 15 நிமிடப் படகுதான், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். சைக்கிள் மிதிக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் கணக்கை மாற்றி, பிராஸ்லினில் தங்குங்கள். அங்கே பஸ்ஸும் டாக்ஸியும் உண்டு.