குப்பியோ: கூண்டில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள்

இத்தாலியின் உம்பிரியாவில், இன்ஜினோ மலையின் அடிச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் கல் ஊர் குப்பியோ. பேருந்து நிற்கும் சதுக்கத்திலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்குபவர்களுக்குப் பாதி ஊரிலேயே கால் ஓய்ந்துவிடும். மலைக்கோயிலையும் ஊருக்குப் பின்னாலுள்ள மலையிடுக்கையும் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். காலையில் முதல் வேலையாக உச்சிக்குப் போய்விட்டால் ஒரே நாளில் எல்லாம் கிடைக்கும்.

ரயில் ஊருக்குள் வராது. ரோம்–அன்கோனா பாதையில் ஃபொசாத்தோ டி விகோ நிலையத்தில் இறங்கி, ஏறக்குறைய 20 கி.மீ. பேருந்தில் போக வேண்டும். நிலையத்தின் பெயரோடு குப்பியோ என்றும் ஒட்டியிருப்பதால், ஊர் பக்கத்தில்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை வந்து இறங்கியதுமே பார்த்து வையுங்கள்.

பழைய ஊர்மதிலின் ரோமன் வாசலுக்கு அருகில்தான் கொல்லே எலெத்தோ ரோப்கார் நிலையம். 1960 முதல் ஓடுகிறது. கண்ணாடி போட்ட பெட்டியை எதிர்பார்க்காதீர்கள். பறவைக் கூண்டு மாதிரி ஒரு கம்பிக் கூடை, அதில் 2 பேர் நிற்கலாம், அவ்வளவுதான். கூடை நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். தரையில் குறி போட்ட இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். கூடை உங்களை எட்டும்போது பணியாளர் அதைப் பிடித்து, உள்ளே ஏற்றி, கதவைச் சாத்துவார். சேர்ந்து போகும் இருவரும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. ஒருவர் ஏறிய சில அடி தூரத்தில் அதே கூடையில் அடுத்தவர் ஏறுவார். தயங்கி நிற்பதும், முதுகில் பையோடு ஏறுவதும்தான் இங்கே நடக்கும் தவறுகள். பையை முன்கூட்டியே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சுமார் 6 நிமிடப் பயணம். கூரை ஓடுகள் காலடியில் மெல்லச் சிறுத்துக்கொண்டே போகும் அந்தக் காட்சிக்கு மட்டுமே டிக்கெட் காசு தகும். பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் ஓடும் நேரமும் குறைவு. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாலை வழி இருக்கிறது. இறங்குவது நடந்துதான் என்பதால், ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள்.

மேலே புனித உபால்தோ பசிலிக்கா. ஊரின் ஆயராக இருந்து 1160-இல் மறைந்த உபால்தோவின் உடல், பலிபீடத்துக்கு மேல் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அதோடு திரும்பிவிடாமல் பக்கவாட்டுப் பகுதிக்கும் போங்கள். 'சேரி' எனப்படும் மூன்று மரத் தூண்கள் ஆண்டு முழுவதும் அங்கேதான் நிற்கின்றன. எண்கோண வடிவில் இரண்டு பாகங்கள், ஒன்றின் மேல் ஒன்று; ஒவ்வொரு தூணும் கிட்டத்தட்ட 300 கிலோ. மே 15 அன்று இவற்றைத் தோளில் சுமந்து, ஆள் மாற்றி ஆள் மாற்றி, ஊருக்குள்ளிருந்து இந்த உச்சி வரை ஓடுகிறார்கள். ஒவ்வொரு தூணும் ஒரு புனிதருக்கு உரியது; உபால்தோ, ஜார்ஜ், அந்தோணி என்ற வரிசை மாறவே மாறாது, முந்துவதற்கு இடமில்லை. பின்னால் வருபவர்கள் நுழைவதற்குள் கோயில் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பதுதான் உபால்தோ அணியின் துடிப்பு. தூணை அருகில் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் ஓடி வந்த அதே வளைவுப் பாதையில் கீழே இறங்கினால், அந்தச் சுமை என்னவென்று முழங்காலுக்கே புரியும். சரளைக் கல் பாதை; வழுக்காத செருப்பு அவசியம்.

ஊருக்குள் கட்டாயம் பார்க்க வேண்டியது கொன்சொலி மாளிகை. 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் முன்னால் உள்ள பெரிய சதுக்கம், மலைச்சரிவில் மாபெரும் வளைவுகள் எழுப்பி அதன்மேல் தாங்க வைத்தது. உள்ளே 7 வெண்கலப் பட்டயங்கள் இருக்கின்றன. 1444-இல் கிடைத்தவை, 1456-இல் நகராட்சியே விலைக்கு வாங்கியது. லத்தீனுக்கு இடம்விட்டு மறைந்துபோன உம்பிரிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிக நீண்ட வாசகம் இதுதான். பறவைச் சகுனம், பலி, ஊரை வலம் வரும் முறை என எல்லாமே சடங்கு விதிகள். பழைய உம்பிரிய எழுத்தில் இருப்பவை வலமிருந்து இடமாக ஓடும். பிந்தியவை லத்தீன் எழுத்தில் இடமிருந்து வலம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு மொழி தன் எழுத்தைக் கைவிட்ட கதை கண்முன் தெரியும். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

டியூக் அரண்மனையில் அவசரமில்லை. அதன் புகழ்பெற்ற மரவேலைப் படிப்பறையின் அசல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே பார்ப்பது நகல். மதியத்துக்கு 'கிரெஷா' என்ற தட்டை ரொட்டியை, 'ஃபிரிக்கோ' என்ற இறைச்சிக் குழம்போடு கேளுங்கள். கீழே பேருந்து நிற்கும் சதுக்கத்தின் பெயர் '40 தியாகிகள்'. 1944 ஜூன் 22 அன்று ஜெர்மன் படையினர் சுட்டுக் கொன்ற ஊர் மக்கள் அவர்கள். பேருந்துக்குக் காத்திருக்கும்போது அந்தப் பெயரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாலை வெயிலுக்கு பொத்தாச்சோனே இடுக்கு. ஊரை விட்டு வடகிழக்கே போகும் சாலையோரம் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் சாய்ந்து நிற்கும். அவற்றின் நடுவே விரல் அகலத்தில் ஒரு களிமண் கோடு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தின் படிவு. இதில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் வழக்கத்தைவிட 30 மடங்கு இருந்ததைக் கண்டுதான், லூயிஸ் ஆல்வாரெஸ், மகன் வால்டர், அசாரோ, மிஷெல் ஆகிய நான்கு விஞ்ஞானிகளும் 1980-இல் விண்கல் மோதல் கருத்தை முன்வைத்தார்கள். மாதிரி எடுக்க வந்தவர்கள் சுரண்டிச் சுரண்டி அந்த இடம் குழியாகிவிட்டது. தயவுசெய்து நீங்களும் விரலை விடாதீர்கள். சாலை குறுகல், வண்டிகள் வேகமாக வரும், ஓரமாக நில்லுங்கள். ஒரு கைலென்ஸ் கொண்டுபோனால் போதும். கோட்டுக்குக் கீழே உள்ள பாறையில் மணல் பருமனில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியும். கோட்டுக்கு மேலே லென்ஸை நகர்த்தினால் அந்தப் பெரிய ஓடுகளில் ஒன்றுகூட இருக்காது.