எட்டுக் கதிர் அம்பர் ராட்டை: சின்ன நூற்பாலைக்கும் நூல் கடைக்கும் எவ்வளவு தாங்கும்?

நாட்டுப் பருத்தி வாங்கி, தானே நூற்று, சிட்டமாகவே (வளையமாகச் சுற்றிய நூல் கட்டாகவே) விற்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எட்டுக் கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) அம்பர் ராட்டையைத்தான். கரண்ட் வேண்டாம், ஒரு ராட்டைக்கு ஓர் ஆள் போதும், ஒரே அறையில் நாலைந்து போட்டுவிடலாம். ராட்டை என்று பெயர் இருந்தாலும் இது தக்ளியின் (கையில் சுழற்றி நூற்கும் சின்னக் கதிர்) வாரிசு இல்லை. மில்லில் ஓடும் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் எட்டுக் கதிரை மட்டும் வெட்டியெடுத்து, மோட்டார் இருந்த இடத்தில் கைச்சக்கரம் வைத்தது போன்ற அமைப்பு. மூல வடிவத்தைச் செய்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரின் நடுத்துண்டுதான் 'அம்பர்'.

நூலின் தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ரோவிங் (நூற்பதற்கு முந்தைய, லேசாக முறுக்கிய பஞ்சுத் திரி) நன்றாக இருந்தால் 20 கவுண்டில் (நூலின் பருமனைச் சொல்லும் எண், கூடக்கூட நூல் மெலியும்) பாவுக்கே (தறியின் நீளவாட்டு இழை) தாங்கும் நூல் வரும். இடிப்பது கணக்கில்தான்.

கதர் வழக்கில் ஒரு சிட்டம் 1000 மீட்டர். மில் கணக்கில் அது 840 கஜம், அதாவது 768 மீட்டர். கடையில் வாங்குபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். லேபிளில் மீட்டரைப் போட்டுவிடுவது நல்லது. 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் 1000 மீட்டரின் எடை கிராமில் கிடைக்கும். 20 கவுண்டுக்கு 29.5 கிராம், 40 கவுண்டுக்கு 14.8 கிராம். பழகிய கை ஒரு நாளில் 20 சிட்டம் போட்டால், 20 கவுண்டில் 590 கிராம். நாள் முழுக்க உழைத்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதையே பருத்தியிலிருந்து பார்க்கலாம். 100 கிலோ கொட்டைப் பருத்தியை அரைத்தால் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். கார்டிங்கிலும் (பஞ்சைச் சீவுவது) மற்ற இடங்களிலும் போகும் கழிவைத் தள்ளினால் கையில் ஏறக்குறைய 30 கிலோ நூல். ஒரு ராட்டைக்கு இது 50 நாள் வேலை. கிலோ விலை பேசி மில் நூலோடு மோதினால் கூலிகூடத் தேறாது. சிட்டத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்து, பருத்தி ரகத்தையும் கவுண்டையும் எழுதி விற்றால் மட்டுமே ஓடும்.

அடுத்தது ரோவிங். ராட்டையோடு இது வராது என்பதைப் பலர் வாங்கிய பிறகே உணர்கிறார்கள். பஞ்சை நேராக இதில் போட முடியாது. கார்டிங், டிராயிங் (திரியை இழுத்துச் சமமாக்குவது), ரோவிங் மூன்றும் முடிந்து வந்தாக வேண்டும். கதர் நிறுவனங்களுக்குக் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஸ்லைவர் (சீவிய பஞ்சுத் திரி) ஆலைகள் இருக்கின்றன. தனியாள் தன் பருத்தியைக் கொண்டுபோனால், இவ்வளவு சின்ன லாட்டை எடுத்து ஓட்டித் தர மில்கள் தயங்கும். முந்தைய லாட்டின் பஞ்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஓட்டவேண்டும், அந்த நேரத்துக்கும் கழிவுக்கும் யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வரும். ஆகவே ரோவிங் போட்டுத் தர ஆள் கிடைத்த பிறகு ராட்டைக்கு ஆர்டர் கொடுங்கள். ரோவிங் 1 ஹேங்க் (ரோவிங்கின் கவுண்ட்) என்றால் 20 கவுண்டுக்கு டிராஃப்ட் (இழுத்து மெலிக்கும் மடங்கு) 20. அதே ரோவிங்கில் 40 கவுண்டுக்கு இழுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மேடும் பள்ளமுமாகத்தான் நூல் வரும்.

கருங்கண்ணி மாதிரி குட்டை இழைப் பருத்தியில் இன்னொரு சிக்கல். ராட்டைகள் பெரும்பாலும் நீளமான இழைக்கான ரோலர் செட்டிங்கோடு (பஞ்சை இழுக்கும் உருளைகளின் இடைவெளி) வருகின்றன. ரோலர்களுக்கிடையே தூரம் அதிகமானால் குட்டை இழைகளை எந்த ரோலரும் பிடித்திருக்காது. அவை மிதந்துபோய்க் கூட்டமாக விழும். நூலில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். தூரம் இழையைவிடக் குறைந்தால் இழை அறும், அல்லது இழுபடாமல் கட்டியாக வெளியே வரும். உங்கள் பருத்தியின் இழை நீளத்தைச் சொல்லி, அதற்கேற்ப செட்டிங் மாற்ற வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஓட்டத்தில் பெரிய குறை, ஒரு கதிரில் நூல் அறுந்தால் எட்டும் நிற்பது. மில்லில் மற்றக் கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சக்கரத்தை நிறுத்தாமல் பிணைக்க முடியாது. நிறுத்தாவிட்டால் அறுந்த கதிரின் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு ஓர் அறுப்பு, பிணைக்க 20 விநாடி என்றால் நாளில் ஆறில் ஒரு பங்கு அதிலேயே போகிறது. அறுப்பு கூடினால் கையைக் குறை சொல்வதற்கு முன் டிராவலரை (கதிரைச் சுற்றியுள்ள ரிங்கின் மேல் ஓடி நூலைச் சுற்றவைக்கும் சின்னக் கம்பி வளையம்) பாருங்கள். கனமான டிராவலர் நூலை அறுக்கும். லேசானதில் நூல் பலூன் மாதிரி விரிந்து பக்கத்து நூலோடு பின்னிக்கொள்ளும், பாபினும் (நூல் சுற்றும் குழல்) தளர்வாக வரும். தேய்ந்த டிராவலரை வளைத்துச் சரிசெய்யாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

எட்டில் ஒரு கதிர் மட்டும் சத்தமில்லாமல் ஏமாற்றும். அதைச் சுழற்றும் டேப் தளர்ந்திருந்தால் கதிர் மெதுவாகச் சுற்றும். ரோலர் வழக்கம்போலப் பஞ்சு தரும். நூல் அறாது, முறுக்கு மட்டும் குறையும். பாபினைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாபின்களில் 1 முதல் 8 வரை எண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓரடி நூல் எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நூல் தானாகவே தன் மேல் முறுக்கிக்கொள்ளும். ஏழு ஒரே மாதிரி இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால், அந்த எண்ணின் டேப்பைத்தான் இழுத்துக்கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் எட்டு பாபினையும் கலந்து சிட்டம் போட்டுவிட்டால், குறை நெசவாளியின் தறியில் பாவு அறும்போதுதான் வெளியே வரும். அதற்குள் அவர் மனதில் உங்கள் கடையின் பெயர் கெட்டிருக்கும்.

காட்ஸ் (ரோலரின் ரப்பர் உறை) இறுகிப்போனால் வழுக்கும். மேலே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாலே தெரியும். அறையில் ஈரப்பதம் 55–60 சதவீதம் இருந்தால் நல்லது. கோடையில் காய்ந்த காற்றில் இழை சிலிர்த்து நிற்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாலே பாதி சரியாகும். மழையில் இதற்கு நேர்மாறு, ரோலரில் பஞ்சு ஒட்டும். கதிருக்கு எண்ணெய் ஒரு சொட்டு போதும். கூடினால் நூலில் தெறித்து ஒட்டும். பழுப்பு நூலில் தெரியாத கறை சாயம் போட்டபின் பளிச்சென்று தெரியும்.

மோட்டார் மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், உற்பத்தி கூடும். ஆனால் கையால் நூற்றால்தான் கதர். கையால் நூற்றாலும், 2013-ன் கதர் முத்திரை விதிகளின்படி சான்று பெறாமல் லேபிளில் 'கதர்' என்று போடக்கூடாது. 'கைராட்டை நூல்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கடைக்கு என்று பார்த்தால் முறுக்குப் பினியனை (முறுக்கின் அளவைத் தீர்மானிக்கும் பல்சக்கரம்) மாற்ற முடிகிற மாடலே வேண்டும். 20 கவுண்டில் பாவுக்கு அங்குலத்துக்கு 19 முறுக்கு. ஊடைக்கோ (தறியின் குறுக்கு இழை) கைப்பின்னலுக்கோ 15, 16 போதும், தொட்டால் மெத்தென்று இருக்கும். ஒரே பினியனில் வரும் ராட்டை இந்த இரண்டில் ஒரு வாடிக்கையாளரை இழக்கும். சிட்டத்தை நாலு இடத்தில் எட்டு வடிவக் கட்டுப் போட்டுக் கொடுங்கள். சாயத் தொட்டியில் சிக்காது. எடைக்கு விற்றால் மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தராசு பொய் சொல்லும்.

ராட்டை வந்து இறங்கியதும் வண்டிக்காரரை நிறுத்திவைத்துப் பார்க்கவேண்டியவை: எட்டுக் கதிரும் அசையாமல் நேராக நிற்கிறதா, ஒவ்வொன்றும் அதனதன் ரிங்கின் நடுவில் இருக்கிறதா, ரிங் பலகை மேலும் கீழும் திக்காமல் ஏறி இறங்குகிறதா. உபரியாக 16 பாபின், ஒரு டப்பா டிராவலர், ஒரு செட் காட்ஸ், இரண்டு பினியன் கேட்டு வாங்குங்கள். டிராவலரின் எண்ணை டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவைத்தால் அடுத்த முறை மில் ஸ்டோர்ஸ் கடையில் திணற வேண்டியதில்லை.